இலையில் வெள்ளைக் கோடு: இலைத்துளைப்பான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று, பையில் எலுமிச்சைக் கன்று. வாங்கிப்போனவர்கள் மூன்று வாரம் கழித்துச் சட்டைப் பையில் ஓர் இலையை மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். இலையில் வெள்ளைக் கோடு இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

இலை மேல யாரோ வெள்ளைப் பேனாவால கிறுக்கின மாதிரி இருக்கு. இது நோயா, பூச்சியா?

பூச்சிதான். இலைக்கு மேல்தோல், கீழ்த்தோல் என்று இரண்டு தோல் உண்டு. நடுவில் பச்சையான சதை. புழு அந்த இரண்டு தோலுக்கும் நடுவே இருந்துகொண்டு சதையைத் தின்றபடியே நகர்கிறது. தின்ற இடம் வெறும் தோலாகி வெள்ளையாகத் தெரிகிறது. அதனால்தான் இதற்கு இலைத்துளைப்பான் என்று பேர்.

சந்தேகம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். காலை வெயிலுக்கு நேராக இலையைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கோடு ஒரு முனையில் நூல் மாதிரி மெல்லிசாகத் தொடங்கி, போகப்போக அகலமாகும். புழு வளர வளரக் கோடும் அகலமாகிறது. அகலமான முனையில்தான் புழு இருக்கும்: தக்காளி, தட்டைப்பயறு என்றால் வெளிர் மஞ்சளாக, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், காலும் இல்லாமல் தலையும் தனியாகத் தெரியாமல். முன்முனையில் கறுப்பாக ஒரு சின்னக் கொக்கி இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் வாய். கோட்டுக்குள் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது எச்சம். இலைப்புள்ளி நோயில் இப்படி வளைந்து நெளிந்து அகலமாகிற கோடு வராது.

எல்லாப் பயிர்லயும் வர்றது ஒரே பூச்சிதானா? ஒரே மருந்து போதுமா?

இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இலைத்துளைப்பான் என்பது ஒரு பூச்சியின் பேர் இல்லை, பிழைப்பின் பேர். ஈ, அந்துப்பூச்சி, வண்டு என்று எத்தனையோ வகையின் புழுக்கள் இந்தப் பிழைப்பு நடத்துகின்றன.

தக்காளி, தட்டைப்பயறு, பீன்ஸ், பீர்க்கு, வெள்ளரி, ஆமணக்கு, செண்டுமல்லி, செவ்வந்தி இவற்றில் பாம்பு மாதிரி நெளிகிற கோடு போடுவது கொசுவைவிடச் சின்னதான ஓர் ஈ. உடம்பில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும். லிரியோமைசா ட்ரைஃபோலி என்பது அதன் பேர். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். ஃப்ளோரிடாவிலிருந்து போன செவ்வந்திக் குச்சிகளோடு பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில்தான் தென்பட்டது. அதற்கு முன்பு விவசாயம் பார்த்த பெரியவர்கள் "எங்க காலத்துல இந்தக் கோடு இல்லையேப்பா" என்று சொன்னால், அவர்கள் சொல்வது சரிதான்.

எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு இவற்றில் வருவது வெள்ளி நிறத்தில் ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. இது நம் நாட்டுப் பூச்சிதான். 1856-லேயே கல்கத்தாவிலிருந்து கிடைத்ததை வைத்து விவரித்துப் பேர் வைத்திருக்கிறார்கள். நிலக்கடலையில் வருவது வேறோர் அந்துப்பூச்சி, நாம் சுருள் பூச்சி என்று சொல்வது. நெல்லில் முள்வண்டின் புழுவும் இலைக்குள் இருந்துதான் சுரண்டுகிறது. ஆள் வேறு என்பதால் வைத்தியமும் வேறு. பின்னால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

இலையில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கு, கோடு இல்லை. அதுவும் இதேதானா?

தக்காளி, பீன்ஸில் என்றால் பெரும்பாலும் அதுதான், வருவதற்கு முந்தின அறிகுறி. பெண் ஈ தன் பின்முனையால் இலையைக் குத்தி, வடிகிற சாற்றைக் குடிக்கும். சில குத்துகளில் மட்டும் முட்டை வைக்கும். ஊசியால் குத்தின மாதிரி புள்ளிகள் தெரிந்தால், இரண்டு மூன்று நாளில் கோடு தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

கோடு விழுந்த இலையைக் கிள்ளிப் போட்டா போதுமா?

மாடித்தோட்டம், வீட்டுத்தோட்டம், நாற்றங்கால் இவற்றுக்குப் போதும். கிள்ளி எங்கே போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். செடிக்கு அடியிலேயே போட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. முற்றின புழு இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிடும். பழுப்பு நிறத்தில் ரவை மணி மாதிரி இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அதிலிருந்து ஈ கிளம்பும். கிள்ளின இலைகளை பாலிதீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள், அப்புறம் எருக்குழிக்குப் போகலாம்.

ஏழெட்டு இலையில்தான் கோடு என்றால் கிள்ளவே வேண்டாம். முன்பு சொன்ன அகலமான முனையை விரலால் நசுக்கிவிட்டால் போதும், மீதி இலை செடிக்கு உணவு செய்துகொண்டிருக்கும். ஏக்கர் கணக்கில் தக்காளி வைத்திருப்பவர்கள் அடி இலைகளை மட்டும் எடுத்தால் போதும். முதலில் கோடு நிறைவது அங்கேதான்.

பாலக் கீரையில கோடு இருக்கு. சமைச்சுச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அந்தப் பகுதியைக் கிள்ளிவிட்டுக் கழுவிச் சமையுங்கள். புழுவால் மனிதருக்குக் கெடுதல் இல்லை. கோடே இல்லாத கீரை வேண்டும் என்று அறுவடைக்கு முந்தின நாள் மருந்து அடிப்பதுதான் கெடுதல்.

மருந்து அடிச்சு ஒரு வாரமாச்சு. கோடு அப்படியே இருக்கே, மருந்து வேலை செய்யலையா?

கோடு என்றைக்கும் போகாது. தின்ற சதை திரும்ப வளராது. இலை உதிரும்வரை அந்தத் தழும்பு இருக்கும். இதைத் தெரியாமல் ஒரே வாரத்தில் மூன்று தடவை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

மருந்து கேட்டதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, அடித்த பிறகு விரிந்த புது இலைகளைப் பாருங்கள். அவற்றில் கோடு இல்லை என்றால் கேட்டிருக்கிறது. இரண்டாவது, பழைய இலையை வெளிச்சத்தில் பிடித்துப் புழு அசைகிறதா என்று பாருங்கள். அடிப்பதற்கு முன்பே நாலைந்து கோடுகளின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கோடு புள்ளியைத் தாண்டி நீண்டிருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. எனக்கு இதைவிட நம்பகமான சோதனை தெரியாது.

வேப்பங்கொட்டைக் கரைசல் எப்படித் தயார் பண்றது? வேப்பெண்ணெயே போதாதா?

பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்துப் பொடியாக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் இரண்டு மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்துகொள்ளுங்கள். சோப்பு இல்லையென்றால் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். கொட்டை மூன்று மாதத்துக்குக் குறையாமல், எட்டு மாதத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஆனி ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் ஐப்பசி, கார்த்திகைப் பயிருக்குச் சரியாக இருக்கும். பூஞ்சை பிடித்துக் கறுத்த கொட்டை வேண்டாம்.

வேப்பெண்ணெயும் அடிக்கலாம். ஆனால் அளவு கூடினாலும் உச்சி வெயிலில் அடித்தாலும் பிஞ்சு இலை கருகும். முதலில் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: வேம்பு அடித்த உடனே புழு செத்து விழாது. ஈ குத்துவதையும் முட்டை வைப்பதையும் குறைக்கும், இளம்புழு அடுத்த பருவத்துக்கு வளரவிடாமல் தடுக்கும். அதனால்தான் புள்ளி தெரிந்ததுமே அடிக்கச் சொன்னேன். கோடு நிறைந்த பிறகு அடித்துவிட்டு வேம்பு சரியில்லை என்பது நியாயம் இல்லை.

மஞ்சள் அட்டை கட்டினா எல்லாம் ஒட்டிக்கிட்டுச் செத்துடும்னு சொல்றாங்களே?

எல்லாம் சாகாது. அட்டை முக்கியமாக வேவு பார்க்கத்தான். ஈ வந்துவிட்டதா, போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று அது சொல்லிவிடும். செடியின் தலை உயரத்துக்குக் கட்டி, செடி வளர வளர ஏற்றிக்கொண்டே போங்கள். வலைக்குடிலிலும் நாற்றங்காலிலும் நெருக்கமாகக் கட்டினால் எண்ணிக்கையும் குறையும். திறந்த வயலில் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். நல்லது செய்கிற குளவிகளும் அதில் ஒட்டிச் சாகும் என்பதால், தேவை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து வயல்காரர் ஒண்ணுமே அடிக்கலை, அவருக்குக் கம்மியா இருக்கு. நான் வாரம் ஒருதரம் அடிக்கிறேன், எனக்குத்தான் அதிகம். எப்படி?

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இந்த ஈயின் புழுவைத் தேடி வந்து முட்டை வைக்கிற மிகச் சின்னக் குளவிகள் நம் வயலில் தாராளமாக உண்டு. நம்மைக் கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அவற்றில் பல, இலைக்குள் இருக்கிற புழுவின் மேலேயோ பக்கத்திலேயோ முட்டையிடும். அதிலிருந்து வருகிற குளவிக் குஞ்சு இலைத்துளைப்பான் புழுவைத் தின்று வளரும். சைபர்மெத்ரின், லாம்டா மாதிரியான மருந்துகள் இலைமேல் திரிகிற இந்தக் குளவிகளை உடனே கொன்றுவிடும். இலைத்தோலுக்குள் இருக்கிற புழுவுக்கோ அவை சரியாகப் போய்ச் சேர்வதே இல்லை. எதிரியை விட்டுவிட்டுக் காவல்காரனைக் கொன்ற கதை.

போதாக்குறைக்கு இந்த ஈ மருந்துக்குப் பழகுவதில் கெட்டி. முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம்கூட ஆகாது, வருஷத்துக்குப் பல தலைமுறை. ஃப்ளோரிடாக் காய்கறித் தோட்டங்களில் புதுசாக வந்த மருந்துகள் ஒவ்வொன்றும் சில வருஷங்களிலேயே கேட்காமல் போயின.

ஒரு தடவை என் வீட்டு அவரைப் பந்தலில் கோடு பார்த்துவிட்டு, தெரிந்தவர் கொடுத்த மருந்தை அடித்தேன். பதினைந்து நாளில் பந்தல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. கை வைக்காமல் விட்டிருந்த வேலியோரக் கொடி பச்சையாக நின்றது. அன்றைக்கு அந்த இரண்டு கொடியின் இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் அடுத்த பதிலில் சொல்வதைக் கற்றுக்கொண்டேன்.

வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா கோட்டுக்குள்ள புழுவே இல்லை. அப்போ என்ன அர்த்தம்?

கோட்டின் அகலமான முனையை நன்றாகப் பாருங்கள், முடிந்தால் கையில் ஒரு லென்ஸ் வைத்துக்கொண்டு. தோலில் பிறை மாதிரி ஒரு கீறல் இருந்தால், புழு முற்றி வெளியே போய்விட்டது, மண்ணில் இருக்கிறது. உருண்டையாக, குண்டூசியால் போட்ட மாதிரி ஒரு துளை இருந்தால், வெளியே போனது குளவி. கோட்டுக்குள்ளேயே புழு பழுப்பாகத் தட்டையாகிக் கிடக்க, பக்கத்தில் கறுப்பாக ஒரு குட்டிக் கூடு இருந்தால், குளவி இனிமேல் வரப்போகிறது.

வயலின் வெவ்வேறு இடத்திலிருந்து இருபது, முப்பது இலை பறித்து இப்படிப் பாருங்கள். உருண்டைத் துளையும் பழுப்புப் புழுவும் பாதிக்கு மேல் இருந்தால் மருந்து டேங்கை உள்ளே வைத்துவிடுங்கள். உயிருள்ள மஞ்சள் புழுவே அதிகம், புது இலைகளிலும் கோடு ஏறுகிறது என்றால் மட்டும் மருந்து. பாதி என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு, இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

அப்போ எந்தக் கட்டத்துல பயிருக்கு உண்மையிலேயே ஆபத்து?

நாற்றிலும் விதையிலைப் பருவத்திலும். வெள்ளரிக்கு இரண்டே விதையிலை இருக்கும்போது இரண்டிலும் கோடு நிறைந்தால் செடி நின்றுபோகும். இடுப்பு உயரத் தக்காளியில் அடி இலை நாலு போனால் விளைச்சலில் வித்தியாசம் தெரியாது. நாற்று வாங்கும்போது தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். என் பண்ணை நாற்றாக இருந்தாலும் பாருங்கள். கோடு இருந்தால் வாங்காதீர்கள்.

தக்காளியில கோடா இல்லை, அகலமா திட்டுத் திட்டா காயுது. காய்லயும் ஊசி ஓட்டை இருக்கு.

இது அந்த ஈ இல்லை, ஊசிப்புழு. டூட்டா அப்சலூட்டா என்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வழியாகப் பரவி, இந்தியாவில் 2014-ல் மகாராஷ்டிரத்தில் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷமே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இது அந்துப்பூச்சியின் புழு. தலையும் காலும் தெளிவாகத் தெரியும், பச்சையாக அல்லது இளஞ்சிவப்பாக இருக்கும். இலைக்குள் அகலமாகச் சுரண்டும், குருத்தையும் துளைக்கும், காயில் பெரும்பாலும் காம்புப் பக்கத்தில் நுழையும்.

இதில் பொறுமை காட்டக் கூடாது. முன்பு சொன்ன "அடி இலை போனால் போகட்டும்" என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது, காயே போய்விடும். நடவு செய்த உடனேயே இதற்கான இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பொறிக்குள் வைக்கிற வாசனைக் குப்பியை லூர் என்பார்கள். காய்ப்புழுவுக்கு விற்கிற லூர் இதற்கு ஆகாது, ஊசிப்புழு லூர் என்று கேட்டு வாங்க வேண்டும். துளை விழுந்த காய்களை வரப்பில் வீசாமல், இலைக்குச் சொன்ன மாதிரியே பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

எலுமிச்சைக் கன்று வச்சு ஒரு வருஷம் ஆச்சு. துளிரெல்லாம் சுருண்டு வெள்ளியா மினுங்குது. செத்துடுமா?

சாகாது, ஆனால் வளர்ச்சி பிந்தும். இந்த அந்துப்பூச்சி துளிரில் மட்டும்தான் முட்டை வைக்கும். இலை முற்றிக் கெட்டியாகிவிட்டால் தொடாது. புழு இலைத்தோலுக்கு நேர் அடியிலேயே போவதால் கோடு வெள்ளிப் படலமாக மினுங்கும், நடுவே கறுப்பாக ஒரே இழையாக எச்சம் ஓடும். கடைசியில் இலை ஓரத்தைச் சின்னதாக மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகும்.

ஆகவே வேலை முழுக்கத் துளிர் நேரத்தில்தான். துளிர் கட்டைவிரல் நீளம் வந்ததும் ஒரு தடவை, பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வேப்பங்கொட்டைக் கரைசல். யூரியாவை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் துளிர் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், பூச்சிக்கும் ஓயாமல் விருந்து. உரத்தைப் பிரித்துக் கொடுப்பது சரி, அதற்கென்று ஒரு பருவம் வைத்துக்கொண்டு துளிரெல்லாம் ஒன்றாக வந்து ஒன்றாக முற்றும்படி பாருங்கள். அடிமரத்திலிருந்து கிளம்புகிற போத்துகளை ஒடித்துவிடுங்கள். சுருண்ட இலைகளை வெட்டி எறிய வேண்டாம், பச்சையாக இருக்கிறவரை அது கன்றுக்கு உழைக்கும், வெட்டினால் இன்னும் துளிர்தான் கிளம்பும்.

எங்க எலுமிச்சை பத்து வருஷ மரம். அதுக்கும் அடிக்கணுமா?

வேண்டாம். நாலு வருஷத்துக்கு மேல் ஆன மரம் இதைத் தாங்கிக்கொள்ளும், காய்ப்பும் குறையாது. புளியங்குடிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் என்னிடம் கன்று வாங்க வந்தபோது கேட்டதும் இதைத்தான். பெரிய மரத்துக்கு விசைத்தெளிப்பான் வாடகை கொடுத்து அடிக்கிற காசை எருவுக்குப் போடுங்கள் என்றேன்.

ஒரே விதிவிலக்கு சொறி நோய். இலையிலும் காயிலும் குச்சியிலும் மஞ்சள் வளையத்தோடு தக்கை மாதிரிப் புண் வருகிற பாக்டீரியா நோய் அது. புழு சுரண்டின இடம் அதற்குத் திறந்த வாசல். தோப்பில் சொறி இருந்தால், மழைக்கால துளிருக்கு மட்டும் இலைத்துளைப்பானைக் கட்டுப்படுத்துவது நல்லது.

கடலைக்காடு தூரத்துல இருந்து பார்த்தா தீ வச்ச மாதிரி இருக்கு.

சுருள் பூச்சி. முதல் ஐந்தாறு நாள் இலைக்குள் சுரண்டும், அப்போது நடுநரம்பை ஒட்டிச் சின்னப் பழுப்புத் திட்டுதான் தெரியும். பிறகு வெளியே வந்து பக்கத்து இலைகளை நூலால் இழுத்துப் பின்னி, அந்தச் சுருளுக்குள் இருந்து தின்னும், அதற்குள்ளேயே கூட்டுப்புழுவும் ஆகும். காடு கருகித் தெரிகிறது என்றால் சுருண்டு முடிந்துவிட்டது, மருந்து உள்ளே போவது கஷ்டம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மானாவாரியில் மழை இடைவெளி விட்டால் இது பெருகும். ஒரு நல்ல அடைமழை வந்தால் தானாகவே அடங்கும். மழை நெருங்குகிறது என்றால் இரண்டு நாள் காத்திருந்து பார்க்கலாம்.

விளக்குப் பொறியைத் தரைமட்டத்தில் வைத்து ராத்திரி 8 மணியிலிருந்து 11 மணிவரை எரியவிடுங்கள், அந்துப்பூச்சி அப்போதுதான் பறக்கிறது. நாலு வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு போட்டால் புழுவைத் தாக்குகிற குளவிகள் கூடும். சோயாவும் இதற்குப் பிடித்த பயிர், அதனால் சோயா அறுத்த காட்டுக்குப் பக்கத்தில் கடலை போட்டிருந்தால் சீக்கிரமே போய்ப் பாருங்கள்.

முந்திரி, மா துளிர்லயும் கொப்புளம் மாதிரி வருதே?

அதுவும் ஓர் அந்துப்பூச்சிப் புழு. துளிர் இலையில் சாம்பல் நிறக் கொப்புளம் வந்து, காய்ந்து, ஓட்டையாகும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியில் நிறையப் பார்க்கலாம். இளம் மரத்துக்கு எலுமிச்சைக் கன்றுக்குச் சொன்னதேதான். பெரிய மரத்தை விட்டுவிடலாம்.

சரி, மருந்து அடிச்சே ஆகணும்னா எதை அடிக்கிறது?

இலையின் மேல் பட்டு உள்ளே ஊடுருவுகிற மருந்தாக இருக்க வேண்டும். சயன்ட்ரனிலிப்ரோல், ஸ்பினோசாட், அபாமெக்டின் அப்படிப்பட்டவை. லேபிளில் உங்கள் பயிரின் பேர் இருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூட்டாமல் அடியுங்கள். அடுத்த தடவை அதே மருந்து வேண்டாம், வேறு வகைக்கு மாறுங்கள். பேர் வேறாக இருந்தும் உள்ளே ஒரே சரக்காக இருக்கலாம் என்பதால், பெரிய எழுத்தைப் படிக்காமல் சின்ன எழுத்தைப் படியுங்கள். மூன்றுமே தேனீக்கு ஆகாது, பூத்திருக்கிற பயிரில் சாயங்காலம் தேனீ அடங்கின பிறகுதான்.

இரண்டு மூன்றை ஒரே டேங்கில் கலந்து கொடுத்தால் வாங்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் யார் கொடுத்தாலும் வேண்டாம், காய்கறிக்கு அது 2005-லேயே தடை. தக்காளி, பீன்ஸ், வெள்ளரி இவற்றில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பு இருக்கும்போது, லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள்களை, அதாவது அடித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய நாள்களை, கடைப்பிடிக்க முடியாது என்றால் அடிக்காதீர்கள். அந்த நேரத்துக்கு வேம்பும், அடி இலை எடுப்பதும்தான்.

ஒரேயடியா ஒழிக்க வழியே இல்லையா?

இல்லை. ஆமணக்கிலும் களையிலும் செண்டுமல்லியிலும் இருந்துகொண்டேதான் இருக்கும். குறைக்க ஒரு வழி இருக்கிறது, யாரும் செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கடைசிப் பறிப்பு முடிந்த தக்காளியை விலை இல்லை என்று மாதக்கணக்கில் அப்படியே காயவிடுகிறோம். பக்கத்திலேயே புது நாற்றை நடுகிறோம். பழைய காட்டில் கிளம்புகிற ஈ அத்தனையும் இங்கே வந்து இறங்குகிறது. பறிப்பு முடிந்த அதே வாரத்தில் பழைய செடியைப் பிடுங்கி உழுதுவிட்டு, அப்புறம் நடுங்கள்.

உங்ககிட்ட இலையைக் காட்டணும்னா எப்படிக் கொண்டு வர்றது?

சட்டைப் பையில் வேண்டாம், வாடி நசுங்கிப் புழு செத்துவிடும். வயலின் நாலு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் பத்து இலை, மேல் இலையும் அடி இலையும் கலந்து, காலையில் பறியுங்கள். ஒரு பாலிதீன் பையில் போட்டு, கொஞ்சம் காற்றை ஊதிக் கட்டுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். போன தடவை என்ன அடித்தீர்கள் என்பது மறந்திருந்தால் காலி டப்பாவைப் படம் எடுத்து வாருங்கள்.